எத்தனை நாளைக்கு, ரீச்சர்?



ஒக்ரோபர் 6 ஆசிரியர் தினம். உலகம் 5 ஆம் திகதி கொண்டாட, இலங்கையில் நாங்கள் ஒரு நாள் பிந்திக் கொண்டாடுகிறோம். புத்தூரிலும் ஆவரங்காலிலும் நவக்கிரியிலும் பிள்ளைகள் மாலை கட்டி, தட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அதிபர் முதலாக எல்லோரையும் வாசலில் இருந்தே அழைத்துப் போவார்கள். அந்த வரிசையின் கடைசியில், சில பாடசாலைகளில், இருபத்தைந்து முப்பது வயதில் ஒருவர் கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பார். அவருக்கும் மாலை விழும். பிள்ளைகளுக்கு அவர் ரீச்சர்தான், சேர்தான். மாத முடிவில் சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இராது.

தொண்டர் ஆசிரியர் என்று அவரைச் சொல்கிறோம். சில இடங்களில் அவர் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் போட்டவர். சில இடங்களில் பழைய மாணவர் சங்கத்தின் காசில் வருபவர். இன்னும் சில இடங்களில் பிரசவ விடுப்பில் போன ரீச்சருக்குப் பதிலாக வந்து, அவர் திரும்பி வந்த பிறகும் வேறொரு பாடத்துக்கு நின்றுவிட்டவர். இந்த மாதப் பக்கம் அவர்களைப் பற்றியது. புகழ்ச்சி அவர்களுக்கு வேண்டிய அளவு கிடைத்திருக்கிறது. யார் இந்த வேலைக்கு வரலாம், என்ன தகுதி வேண்டும், எத்தனை நாள் நிற்கலாம், நின்ற நாட்களுக்கு என்ன கணக்கு என்ற விதிதான் இன்னும் கிடைக்கவில்லை.

அண்மையில் எங்கள் பக்கத்துப் பாடசாலையொன்றில் கணிதம் படிப்பிக்கும் பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பட்டதாரி. நியமனத்துக்குக் காத்திருக்கிறார். ஆறாம் ஆண்டுப் பிள்ளையொன்று முதல் நாளே அவரிடம் கேட்டதாம்: “ரீச்சர், நீங்கள் எத்தனை நாளைக்கு வருவியள்?” அதற்கு முன் அந்த வகுப்புக்கு வந்துபோனவர்களை அந்தப் பிள்ளை எண்ணி வைத்திருக்கிறது. “என்ன சொன்னீங்கள்?” என்று கேட்டேன். “என்னத்தைச் சொல்லுறது ஐயா, எனக்கே ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார்.

ஒரு நாட்டின் ஆசிரிய நிர்வாகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டுவிட முடியாது.

வெற்றிடம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். நாடு முழுவதும் சுமார் 10,000 அரச பாடசாலைகள், 40 இலட்சம் அளவில் மாணவர்கள், இரண்டரை இலட்சத்துக்குக் கிட்ட ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்குப் பதினாறு பதினேழு பிள்ளைகள் என்ற கணக்கு வரும். ஏட்டில் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் சராசரி கணக்குப் படிப்பிக்காது. நகரத்துப் பாடசாலையில் ஒரே பாடத்துக்குத் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்க, தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் வன்னியிலும் அதே பாடத்துக்கு ஆள் இல்லாமல் இருக்கும். எங்கள் கோப்பாய்க் கல்விக் கோட்டம் யாழ்ப்பாணக் கல்வி வலயத்துக்குள் வருவதால் எங்களுக்கு நகரத்தின் நிழல் கொஞ்சம் உண்டு. என்றாலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று வரும்போது உள்ளூர்ச் சிறிய பாடசாலைகளின் அதிபர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். உங்களில் பெற்றோராக இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதற்கு மேல் விடுப்பு. எங்கள் ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டப் பெண்கள். அரச ஊழியருக்குப் பிரசவ விடுப்பாக முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள், அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்கள், வேண்டுமானால் சம்பளமில்லாமல் இன்னும் 84 நாட்கள் உண்டு. தாய்க்கும் குழந்தைக்கும் அது முழுக்க முழுக்க உரியது. அதில் ஒரு நாளைக்கூட யாரும் குறைசொல்லக் கூடாது. ஆனால் 84 வேலை நாட்கள் என்பது பாடசாலைக் கணக்கில் ஒரு தவணையை விழுங்கிவிடும். அந்தத் தவணைக்கு வகுப்பில் யார் நிற்பது என்பதற்கு எங்கள் முறையில் விடை எழுதப்படவில்லை. பதில் ஆசிரியருக்கென்று ஒரு பதவியோ, அழைத்தால் வரக்கூடிய தகுதி பெற்றோரின் பட்டியலோ இங்கே இல்லை. காலையில் பிரதி அதிபர் எழுதும் ‘ரிலீவ்’ பட்டியல்தான் உண்டு. ஓய்வுப் பாடவேளை கிடைத்த சங்கீத ரீச்சர் நாற்பது நிமிடம் விஞ்ஞான வகுப்பில் போய் நிற்பார். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால் அன்றைய நாள் வெற்றி.

2022 இந்தச் சிக்கலை இன்னும் இறுக்கியது. பொருளாதார நெருக்கடியில், அரச ஊழியர் வெளிநாட்டில் வேலைசெய்ய ஐந்து ஆண்டு வரை சம்பளமில்லா விடுப்பில் போகலாம் என்று அந்த ஆண்டு யூன் மாதம் சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டு முடிவோடு அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக இறக்கப்பட்டது. ஒரு பக்கம் நடு வயதினர் வெளியே போக, மறு பக்கம் மூத்தவர்கள் ஒன்றாக ஓய்வுபெற்றார்கள். விடுப்பில் போனவரின் இடம் பதிவேட்டில் நிரம்பியே இருக்கும். வகுப்பறையில் கதிரை வெறுமையாக இருக்கும். அந்தக் கதிரைக்குத்தான் எங்கள் பட்டதாரிப் பிள்ளையை அழைக்கிறார்கள்.

அப்படியானால் அவர் ஏன் நேராக ஆசிரியராக முடியாது? முடியும், வாசல்கள் உண்டு. 1994 ஒக்ரோபர் 6 ஆம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது இலங்கை ஆசிரியர் சேவை. அதன் பிரமாணக் குறிப்பு 2014 இல் புதிதாக எழுதப்பட்டது. தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டு தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயில்வு செய்து, டிப்ளோமாவோடு வருவது ஒரு வாசல். யாழ்ப்பாணத்துக் கல்லூரி கோப்பாயில்தான் இருக்கிறது, எங்கள் சந்தியில் பஸ் ஏறினால் சிறிது நேரப் பயணம். பட்டம் பெற்று, போட்டிப் பரீட்சையும் நேர்முகத் தேர்வும் தாண்டி, பின்னர் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிப்பது இன்னொரு வாசல். வாசல்கள் எப்போது திறக்கும் என்பதுதான் கேள்வி. விண்ணப்பம் கோரினால்தான் விண்ணப்பிக்கலாம். வயதெல்லை பெரும்பாலும் 35; சில வேளைகளில் தளர்த்துவார்கள். வாசல் திறக்குமுன் வயதெல்லை போய்விட்டால், எத்தனை ஆண்டு படிப்பித்திருந்தாலும் விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத ஒரு பெட்டி இராது.

சான்றிதழ் முந்தியா, படிப்பித்தல் முந்தியா என்று எங்கள் மண்ணில் கேட்டால் படிப்பித்தல்தான் முந்தி. திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் இல்லாத நேரம் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்கு மணலில் எழுத்துக் காட்டினான். சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் அனாதைகள் இல்லமொன்றை நடத்திய ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல் அந்த மணல் எழுத்தையும், மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் எடுத்து, 1797 இல் இங்கிலாந்தில் நூலாக்கினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது ஐரோப்பாவெங்கும் போனது. ஆசிரியர் தட்டுப்பாட்டுக்குத் தமிழ்த் திண்ணை கண்ட உபாயத்தை உலகமே ஒரு காலம் கடன் வாங்கியது.

பக்கத்தூர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1832 இல் சிறுப்பிட்டியில் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, இளவயதிலேயே கோப்பாயில் ஆசிரியராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராக அவர் வெளிவந்தது அதற்குப் பின், 1857 இல். பட்டம் வரும்வரை அவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தால் நட்டம் அவருக்கு மட்டுமாக இருந்திராது. ஆனால் அவருக்கு ஒரு செமினரியின் இறுக்கமான படிப்புப் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடதாசி பிந்தலாம், பயிற்சி பிந்தக் கூடாது. பயிற்சியின் பெறுமதி இந்தப் பகுதிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1923 இல் தொடங்கிய கோப்பாய் ஆசிரியர் கலாசாலை நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. அங்கே படித்து வந்தவர்களிடம் கற்ற பாட்டன், பாட்டி இல்லாத வீடு எங்கள் ஊர்களில் குறைவு.

பிறகு போர்க்காலம். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தாலும் கைதடிப் பாதையாலும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து போனது. புத்தூரும் போனது. மரத்தடியிலும் கொட்டிலிலும் மற்றப் பாடசாலைகளின் பின்னேர நேரத்திலும் வகுப்புகள் நடந்தன. ஆசிரியர்கள் சிதறிப்போன இடத்தில் உயர்தரம் படித்து முடித்த பெட்டையும் பொடியனும் வெண்கட்டியை எடுத்தார்கள். தகுதி என்ன என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர் என்ற ஓர் அணி வளர்ந்து நிலைத்தது இந்த ஆண்டுகளில்தான். சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு தொகை, சில இடங்களில் அதுவும் இல்லாமல், பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் நின்றவர்கள் உண்டு.

போர் முடிந்த பின் அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டார்கள். மாகாணக் கல்வி அமைச்சின் வாசலிலும் ஆளுநர் அலுவலகத்தின் வாசலிலும் வெயிலில் இருந்தார்கள். நேர்முகத் தேர்வுகள் வந்தன, ஒரு பகுதியினருக்கு நியமனம் கிடைத்தது, மற்றவர்கள் விடுபட்டார்கள். அப்போது எழுந்த முறைப்பாடுகளில் அடிக்கடி கேட்டது இது: ஆண்டுக்கணக்கில் படிப்பித்தவரிடம் அதை நிறுவக் கடதாசி இல்லை. வரவு இடாப்பில் அவர் ஒப்பம் வைக்க விடப்படவில்லை. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அவர் வந்த நாள் எழுதப்படவில்லை. அவரை அழைத்த அதிபர் இடமாற்றமாகிப் போய்விட்டார். தொண்டைத் தொண்டாகவே வைத்திருக்கும் ஆசையில், தொண்டு செய்தார் என்ற ஒரு வரியைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறோம். வேலை வாங்கியவர்கள் நாங்கள் எல்லோரும். அத்தாட்சி தேடி அலைந்தவர் அவர் ஒருவர்.

எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. மலையகத் தோட்டப் பாடசாலைகளின் தட்டுப்பாட்டைத் தீர்க்க 3,024 ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்ப்பதென்று அரசு முடிவெடுத்து, 2015 அளவில் சேர்த்தது. உயர்தரம் சித்தியடைந்தவர்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு, பின்னர் 10,000. அந்தக் காசில் ஒருவர் எப்படிச் சீவிப்பது என்று அவர்கள் கேட்டது முழு நியாயம். ஆனாலும் அவர்களுக்கு ஒரு பாதை வரைந்து கொடுக்கப்பட்டிருந்தது: கலாசாலையில் பயிற்சியை முடித்தால் ஆசிரியர் சேவையின் மூன்றாம் வகுப்புக்குள் போகலாம். நுழையும் தகுதி, இடைக்காலக் கொடுப்பனவு, முடிக்க வேண்டிய பயிற்சி, போய்ச் சேரும் இடம் ஆகிய நான்கும் கடதாசியில் இருந்தன. தொகை தவறு, பாதை சரி. எங்கள் தொண்டருக்கு அந்த நான்கில் ஒன்றும் எழுதப்படவில்லை.

2020 இல் பட்டதாரிப் பயிலுநர்களாக மாதம் 20,000 ரூபாவுக்கு எடுக்கப்பட்டவர்களில் பலர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இணைக்கப்பட்டார்கள். பதவியின் பெயர் ஒன்று, செய்த வேலை படிப்பித்தல். ஆசிரியர் சேவைக்குள் வர அவர்கள் காத்திருந்த போட்டிப் பரீட்சை 2023 மார்ச்சில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் நின்றுபோனது. வேறு வழியால் வந்து அதே கதிரையில் அமர்ந்தவர்கள் அவர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் நிலைமை பெரிதாக வேறில்லை. தமிழ்நாட்டு அரசு 2012 இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபா மாதத் தொகைக்கு எடுத்தது. நிரந்தரமாக்கக் கோரி அவர்களில் பலர் இன்றும் போராடுகிறார்கள். 2022 இல் 13,331 வெற்றிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிக ஆசிரியர்களால் நிரப்ப ஆணை வந்தது: இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபா. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருக்க இப்படி ஒரு வழியா என்ற எதிர்ப்பும் வழக்கும் எழ, அவர்களுக்கு முன்னுரிமை என்ற நெறிமுறை வெளியானது. நியமனம் அந்தக் கல்வியாண்டோடு முடியும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. தொகை குறைவுதான், அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதுதான். ஆனால் முடிவுத் திகதி தெரிந்த வேலையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். தெரியாததை என்ன செய்வது?

இனி எங்கள் உறவுகள் குடியேறிய நாடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2009 செப்ரெம்பரில் இருந்து, வராத ஆசிரியரின் வகுப்பை மற்ற ஆசிரியர் தலையில் போடுவது அரிதாகவே நடக்க வேண்டும் என்பது விதி. சிறு இடைவெளியில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்கள் உண்டு. ஆசிரியர் கொடுத்துவிட்டுப் போன வேலையைப் பிள்ளைகள் செய்கிறார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள், புதிய பாடம் நடத்துவது அவர்கள் பொறுப்பில் இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில் பதில் ஆசிரியரும் ஆசிரியர் கல்லூரி என்ற ஒழுங்கமைப்புச் சபையில் பதிவுசெய்து சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்பதே பொது விதி. பதில் ஆசிரியராகத் தொடங்கி நிரந்தரமானவர்கள் அங்கே ஏராளம். அங்குள்ள எங்கள் பிள்ளைகளும் அந்த வழியால் போயிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா இதில் மிகத் தெளிவு. பட்டமும் பின்னணிச் சோதனையும் இருந்தால் 30 நாள் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். ஒரே ஆசிரியருக்குப் பதிலாக ஒரு கல்வியாண்டில் 30 நாட்களுக்கு மேல் அவர் நிற்கக் கூடாது என்பதே அங்கு நெடுங்காலம் இருந்த விதி. விசேட தேவையுடைய பிள்ளைகளின் வகுப்பென்றால் 20 நாட்கள்தான். கொரோனாக் காலத்தில் தட்டுப்பாடு முற்றியபோது அந்த எல்லையை 60 நாளாகத் தளர்த்தினார்கள். தளர்த்துவதற்கும் முதலில் ஓர் எல்லை இருக்க வேண்டுமே.

அந்த 30 நாளை நான் முதலில் கேள்விப்பட்டபோது, இதென்ன கெடுபிடி, படிப்பிக்க வருகிறவரை ஏன் நாட்கணக்குப் போட்டு விரட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே பார்த்தால் அந்த எல்லை இரண்டு பேரைக் காக்கிறது. பயிற்சியில்லாத ஒருவரிடம் பிள்ளையின் முழு ஆண்டும் போய்விடாமல் காக்கிறது. குறைந்த காசுக்கு ஒருவரை வைத்து ஆண்டுகளை ஓட்டிவிடலாம் என்ற நிர்வாகத்தின் ஆசையிலிருந்து அந்தப் பதில் ஆசிரியரையும் காக்கிறது. முப்பதாம் நாள் முடிந்ததும் நிர்வாகம் தகுதியானவரைத் தேடியே ஆக வேண்டும். நீர்வேலி, புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இது தெரிந்த விசயம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது குலை வெட்டும் வரைக்கும்தான். முட்டுத்தடியை ஆண்டுக்கணக்கில் நட்டு வைத்துவிட்டு அதிலே குலை வரவில்லையே என்று யாரும் கோபிப்பதில்லை.

இந்த விதிகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கோப்பாய்க் கோட்டத்தில் நட முடியாது. அங்கே பதில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க நிதி உண்டு, அழைக்கப் பட்டியல் உண்டு. சட்டமும் சுற்றறிக்கையும் கொழும்பிலும் மாகாணத்திலும் எழுத வேண்டியவை; அதற்கான கோரிக்கையை ஆசிரியர் சங்கங்கள் எழுப்பட்டும், நாங்களும் துணை நிற்போம். அதுவரைக்கும் ஊரளவில் செய்யக்கூடியவை இருக்கின்றன. தொண்டருக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் எங்கள் காசு: பெற்றோரின் காசு, பழைய மாணவரின் காசு, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வரும் காசு. காசு கொடுக்கிறவர்கள் நிபந்தனையும் கேட்கலாம்.

முதலாவது, கடிதம். அதிபரும் அபிவிருத்திச் சங்கமும் ஒப்பமிட்டு, இன்ன பாடத்துக்கு, இன்ன வகுப்புகளுக்கு, இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை என்று எழுதிய ஒரு கடிதம். அதன் பிரதி கோட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகட்டும். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அது பதியப்படட்டும். ஒப்பமிட அவருக்குத் தனிப் பதிவேடு ஒன்று இருக்கட்டும்.

இரண்டாவது, எல்லை. ஒரு கடிதம் ஒரு தவணைக்கு மேல் போகக் கூடாது. தவணை முடிவில் அதிபரும் அந்தப் பாடத்தின் மூத்த ஆசிரியரும் இருந்து கதைத்து, தேவையும் திருப்தியும் இருந்தால் புதிய கடிதம் எழுதட்டும். இரண்டு தவணை ஒரே வெற்றிடத்துக்குத் தொண்டர் நின்றுவிட்டால், மூன்றாம் தவணைக்கு முன்பே அபிவிருத்திச் சங்கம் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், இந்த இடத்துக்கு ஆள் தாருங்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். தொண்டர் நிற்கும் வரைக்கும் வெற்றிடம் வெளியே தெரிவதில்லை. நாங்கள் நல்ல மனதோடு கொடுக்கும் காசு, அரசின் கடமையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

மூன்றாவது, தகுதியும் ஆயத்தமும். இடைநிலை வகுப்புக்கு அந்தப் பாடத்தில் பட்டம், அல்லது பட்டப் படிப்பில் இருப்பவர். ஆரம்ப வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக நிற்க, உயர்தரச் சித்தி. தனியே வகுப்புக்குள் விடுமுன் சில நாட்கள் மூத்த ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் இருந்து பார்க்க விடுங்கள். கலாசாலையும் கல்வியியற் கல்லூரியும் இத்தனை கிட்ட இருக்கும் கோட்டத்தில், ஓய்வுபெற்ற விரிவுரையாளர்களும் ஆசிரியர்களும் விடுமுறையில் ஒரு சிறு பயிற்சி நடத்திக் கொடுக்கக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பாடத் திட்டம் எழுதுவது, கரும்பலகையைப் பிரித்துப் பாவிப்பது, பின்தங்கிய பிள்ளையைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றை ஒருவர் தானாகக் கண்டறிய ஆண்டுகள் எடுக்கும். சொல்லிக்கொடுத்தால் கெதியில் பிடித்துக்கொள்வார்.

நான்காவது, பிள்ளையின் பாதுகாப்பு. வெளியிலிருந்து யார் வகுப்புக்கு வந்தாலும் கிராம அலுவலரின் நற்சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உடல் தண்டனைக்கு எதிரான கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே வந்துவிட்டது, அது நிரந்தர ஆசிரியருக்கும் தொண்டருக்கும் ஒன்றுதான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் அலுவலகச் சுவரில் பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும்.

ஐந்தாவது, காசு. கொடுப்பதைச் சங்கக் கணக்கிலிருந்து வங்கி மூலம், மாதம் தவறாமல் கொடுங்கள். கடித உறையில் வைத்து, உபகாரம் செய்வதுபோல் கொடுப்பது படித்த பிள்ளையின் முகத்தைக் குனிய வைக்கும். வங்கிப் பதிவு நாளைக்கு அவருக்கு ஓர் அத்தாட்சியும் ஆகும். போகும்போது, என்ன பாடம், எத்தனை தவணை, எப்படிச் செய்தார் என்று எழுதிய அனுபவச் சான்றிதழ் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இப்படிக் கதைத்தால் சில அதிபர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். “இவ்வளவு விதி வைச்சால் ஒருத்தரும் வராயினம், வாறவையும் கடிதத்தைக் காட்டி நாளைக்கு நிரந்தரம் கேப்பினம், நாங்கள்தான் பதில் சொல்லோணும்.” முதற் பாதிக்கு என் பதில்: வருகிறவர்கள் குறையலாம், ஆனால் வருகிறவர் நிற்பார். நடுத் தவணையில் கொழும்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது என்று சொல்லாமல் போனவர்களால் பிள்ளைகள் பட்டது போதும். கடிதம் தொண்டரையும் கட்டும். இரண்டாம் பாதிக்குக் கடிதத்திலேயே விடை இருக்கிறது: இது நியமனமில்லை, இத்தனையாம் திகதியோடு முடியும் என்று எழுதி, தொண்டரும் ஒப்பமிட்டிருந்தால் ஏமாற்றம் குறையும். எழுதாமல் விட்ட இடத்தில்தான் நம்பிக்கை வளர்ந்து, வயது போய், கடைசியில் வீதிக்கு வருகிறது.

நிரந்தர ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடுப்பில் போகுமுன் பாடத்தை எங்கே நிறுத்தினீர்கள், எந்தப் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். வருகிறவருக்கு ஒரு கிழமை மிச்சம். ஆசிரியர் அறையில் அவருக்கும் ஒரு கதிரை, ஒரு லாச்சி கொடுங்கள். பெற்றோரே, “அது தொண்டர் தானே” என்று பிள்ளைகளின் காதில் விழச் சொல்லாதீர்கள். அன்றோடு அந்த வகுப்பில் அவர் சொல் எடுபடாது.

வெளிநாட்டு வாசகர்களுக்கும் ஒன்று. மண்டபம் கட்டவும் மதில் கட்டவும் நீங்கள் தரும் காசுக்குக் கல்வெட்டில் பெயர் வரும். ஒரு தொண்டர் ஆசிரியரின் ஒரு தவணைக் கொடுப்பனவுக்குக் கல்வெட்டு வராது. அந்தத் தவணை எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அட்சர கணிதம் விளங்கியிருக்கும். கொடுக்கும்போது, கடிதம் எழுதப்பட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் பாடசாலையில் அதைக் கேட்காமல் உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு ஒருவரை விடுவீர்களா?

இந்தப் பகுதியில் தொண்டராகப் படிப்பித்தவர்கள், இப்போதும் படிப்பிக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். பாடசாலையின் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் விரும்பினால் மட்டும். எந்தப் பாடம், எத்தனை ஆண்டு, கையில் என்ன கடதாசி இருக்கிறது என்பவற்றை எழுதினால் போதும். வருபவற்றைத் தொகுத்துக் கோட்டத்துக்கும் வலயத்துக்கும் கொடுக்க எண்ணியிருக்கிறோம்.

அபிவிருத்திச் சங்கங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த தவணை தொடங்குமுன் ஒரு கூட்டம் கூட்டி அந்தக் கடிதத்தை எழுதிவிடலாம். அரைத் தாள் போதும். எழுதும்போது முடிவுத் திகதிக்கு விட்ட இடத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்
புத்தூர்